எம்எம்ஓ நெட்வொர்க் சிமுலேஷன்: கூட்டத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போடாதீர்கள்

எம்எம்ஓ என்றால் ஆயிரக்கணக்கானோர் இணையத்தில் ஒரே உலகில் சேர்ந்து ஆடும் கேம். அதன் நெட்வொர்க் தாங்குமா என்று கணினியில் மாடல் கட்டி ஓட்டிப் பார்ப்பதுதான் சிமுலேஷன். பத்தாயிரம் ஆட்டக்காரர்களை வரைபடத்தில் சமமாகத் தூவி ஓடவிட்டு, ‘இந்தக் கட்டமைப்பு தாங்கும்’ என்று எழுதிவிடுவதுதான் எம்எம்ஓ சிமுலேஷனின் மிகப் பெரிய தவறு. மகாமகத்துக்குக் கும்பகோணத்தில் தடுப்பு கட்டுகிறவர்கள் சாதாரண நாளின் நடமாட்டத்தையா பார்க்கிறார்கள்? தீர்த்தவாரி நேரத்தைத்தானே பார்க்கிறார்கள்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 200 பேர் ஒருவரையொருவர் பார்க்கும் தூரத்தில் நிற்கிறார்கள். சர்வர் நொடிக்கு 20 முறை நிலவரம் அனுப்புகிறது. 200 × 199 × 20 = 7,96,000 அப்டேட். அதே 200 பேரை 10 மண்டலங்களில் இருபது இருபது பேராகப் பிரித்தால் 76,000 மட்டுமே. ஆட்டக்காரர் எண்ணிக்கை மாறவில்லை, சுமை பத்து மடங்கு மாறிவிட்டது. அப்டேட் ஒன்று 50 பைட் என்று வைத்து, ஒவ்வொன்றையும் தனி யுடிபி (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை) பாக்கெட்டாக அனுப்பினால் 28 பைட் ஹெடரும் (முகவரி போன்ற தலைப்புத் தகவல்) சேர்ந்து நொடிக்கு 500 மெகாபிட்டை நெருங்கும். ஒருவருக்கான 199 அப்டேட்டையும் 7 பாக்கெட்டுகளில் சேர்த்துக் கட்டினால் 325 மெகாபிட்டில் அடங்கிவிடும். மாடலில் எது நடக்கிறது என்பதை முதலிலேயே முடிவுசெய்யுங்கள்.

ஒவ்வொருவரும் தற்செயலாக ஓரிடத்தைத் தேர்ந்து அங்கே போய், பிறகு இன்னோர் இடத்தைத் தேர்வதாக வைக்கும் ரேண்டம் வேபாயிண்ட் மாடல் எளிது என்பதற்காக அதையே வைத்துக்கொள்ள வேண்டாம். சந்தை, பாஸ் சண்டை நடக்கும் இடம் என மூன்று நான்கு ஈர்ப்பு மையங்களை வைத்து, அங்கே சேருகிறவர்களின் பங்கை 20, 50, 80 சதவீதம் என ஏற்றிக்கொண்டே போய் எங்கே உடைகிறது என்று பாருங்கள். ரேண்டம் வேபாயிண்டையே பயன்படுத்தியாக வேண்டுமென்றால் குறைந்தபட்ச வேகத்தைப் பூஜ்யமாக வைக்காதீர்கள். வைத்தால் நேரம் போகப்போக சராசரி வேகம் சரிந்துகொண்டே போகும்.

இன்னொரு ஓட்டை கண்ணுக்கே தெரியாது. என்எஸ்-3 போன்ற நெட்வொர்க் சிமுலேட்டரில் சர்வர் செய்யும் வேலைக்கு நேரமே ஆகாது, நீங்களாகச் சேர்த்தால்தான் உண்டு. சர்வர் ஒருமுறை ஆட்ட நிலவரத்தைக் கணக்கிட்டு அனுப்புவது ஒரு டிக். நொடிக்கு 20 டிக் என்றால் ஒரு டிக்குக்கு 50 மில்லி செகண்ட். கூட்டம் கூடும்போது அந்த 50 போதாமல் போவதுதான் பல சர்வர்களை முதலில் கவிழ்க்கிறது, நெட்வொர்க் அல்ல. உண்மையான சர்வர் கோடில் 50, 100, 200 பேருக்கு டிக் நேரத்தை அளந்து, அதைத் தாமதமாக மாடலில் சேர்க்க வேண்டும்.

கூட்டம் நேரத்திலும் சேரும். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து போவதாக எல்லோரும் எழுதுகிறார்கள். டெல்டாவில் ஒரு துணை மின் நிலையத்துக்கு மாதாந்திரப் பராமரிப்பு என்றால் அந்தப் பகுதி முழுக்க ஒரே நேரத்தில் அணையும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் ரௌட்டர் போய்விடும். ஆட்டக்காரர் மொபைல் டேட்டாவுக்கு மாறுவார், ஐபி முகவரி மாறும், பழைய செஷன் டைம்அவுட் ஆகும்வரை சர்வரில் தொங்கும். மின்சாரம் வந்ததும் எல்லோரும் ஒன்றாக லாகின் ஆவார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினம், வேதாரண்யம் பகுதியில் மின்கம்பங்களைச் சாய்த்தபோது இது எவ்வளவு பெரிய அளவில் நடக்கும் என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். ஆட்டக்காரர்களின் கணினிகளே சர்வர் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் பியர்-டு-பியர் கட்டமைப்பில் இதன் அடி இன்னும் பலம்: ஒரு மண்டலத்தின் பொறுப்பை ஏற்ற கணினியும் அதற்கு மாற்றாக நின்ற கணினியும் ஒரே ஊரில் இருந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். ஆகவே 5 சதவீதம் பேரை ஒரே விநாடியில் வெட்டி, பிறகு ஒரே நிமிடத்துக்குள் திரும்ப இணைக்கும் சோதனையைக் கட்டாயம் வையுங்கள்.

பாக்கெட் இழப்பும் அப்படித்தான். ஒரு சதவீத இழப்பைச் சீராகத் தூவினால் இன்டர்போலேஷன் (இரண்டு அப்டேட்டுக்கு நடுவிலுள்ள நிலையைக் கணித்து நிரப்புவது) மறைத்துவிடும். அதே ஒரு சதவீதம் கொத்தாக வந்து தொடர்ந்து 6 அப்டேட் போனால் 300 மில்லி செகண்டுக்குத் தகவலே இல்லை, பாத்திரம் தாவும். இழப்பைக் கொத்தாக வரவைக்கும் கில்பர்ட்-எலியட் மாடலைப் பயன்படுத்துங்கள்.

போய்ச் சேராததைத் திரும்ப அனுப்பும் டிசிபி என்றால் இயல்பு மதிப்புகளைச் சரிபார்க்காமல் ஒப்பிட வேண்டாம். குறைந்தபட்ச ஆர்டிஓ (பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும்முன் காத்திருக்கும் நேரம்) என்எஸ்-3இல் 1 விநாடி, லினக்ஸில் 200 மில்லி செகண்ட். நொடிக்கு 5 கட்டளை மட்டும் அனுப்பும் கிளையண்டுக்கு இழப்பைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும் மூன்று டூப்ளிகேட் ஏசிகே (ஒரே ‘வந்துசேர்ந்தது’ பதில் திரும்பத் திரும்ப வருவது) சேரவே 600 மில்லி செகண்ட் ஆகும் என்பதால், இந்த வித்தியாசம் முடிவையே புரட்டும்.

தாமதத்தையும் இழப்பையும் செயற்கையாகச் சேர்க்கும் லினக்ஸின் நெட்எம் வைத்து நிஜக் கணினியில் சோதிப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. லூப்பேக்கில் (கணினி தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் இணைப்பு) 50 மில்லி செகண்ட் தாமதம் போட்டால் போக ஒருமுறை, வர ஒருமுறை, மொத்தம் 100. அதன் வரிசையில் இயல்பாக 1,000 பாக்கெட்தான் நிற்கும். 100 மில்லி செகண்ட் தாமதத்தில் நொடிக்கு 10,000 பாக்கெட்டைத் தாண்டினால் நெட்எம்மே பாக்கெட்டை உதறும், பழி உங்கள் கட்டமைப்பின் மேல் விழும். லிமிட்டை ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

தூரத்துக்கும் ஒரு சோதனை: ஃபைபரில் ஒளி கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ செகண்ட் எடுக்கும். தஞ்சாவூரிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் ஏறக்குறைய 1,140 கிலோமீட்டர்; போய்வர 11 மில்லி செகண்டுக்குக் குறைவாக உங்கள் மாடல் காட்டினால் டோபாலஜி (இணைப்புகளின் அமைப்பு) தவறு. நிஜத்தில் கேபிள் வளைந்துதான் வரும், கூடவே இருக்கும்.

கடைசியாக, என்எஸ்-3இல் ரன் எண்ணை (தற்செயல் எண்களின் வரிசையை மாற்றும் எண்) மாற்றாமல் பத்து முறை ஓட்டினால் பத்தும் ஒரே விடைதான். ரன் எண்ணை மாற்றி 30 முறையாவது ஓட்டி, தொடக்க நிமிடங்களை நீக்கி, சராசரியோடு 99ஆம் பெர்சன்டைல் தாமதத்தையும் (நூறில் 99 இதற்குள் அடங்கும்) நம்பிக்கை இடைவெளியையும் (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு) அட்டவணையில் போடுங்கள்.