வறுமை ஒழிப்புக்காகப் பணக்கார நாடுகளிடம் குரல் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் எங்கள் சிறு குழு இந்த வேலையைத் தொடங்கியபோது, லண்டனிலும் டொரண்டோவிலும் குடியேறிய ஊர்க்காரர்களையே முதலில் மனத்தில் வைத்திருந்தோம். அங்கே வாக்குரிமை பெற்ற ஒருவர் தம் தொகுதி உறுப்பினருக்கு எழுதும் ஒரு கடிதம், நாம் இங்கிருந்து அனுப்பும் ஆயிரம் கையெழுத்துகளைவிட எடை மிகுந்தது. அந்தக் கடிதத்துக்கு வேண்டிய செய்திகளைப் பிழையின்றித் திரட்டிக் கொடுப்பதே இங்கிருக்கும் நம் பொறுப்பு. அதில் நாங்கள் செய்ததும், பிறர் செய்யக் கண்டதுமான தவறுகள் சில உண்டு.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, உதவியைத் தர்மமாகக் கேட்பது. வளர்ந்த நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வளரும் நாடுகளின் மேம்பாட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970 அக்டோபரிலேயே தீர்மானம் நிறைவேற்றியது. 2024ஆம் ஆண்டில் கொடையாளி நாடுகள் எல்லாம் சேர்ந்து கொடுத்தது 0.33 சதவீதம்தான். நார்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பர்க் ஆகிய நான்கு நாடுகளே அந்த 0.7 அளவை எட்டின. பிரிட்டன் 2013இல் எட்டி, 2015இல் அதைச் சட்டமாகவும் ஆக்கிக்கொண்டது. ஆனால் 2021இல் 0.5 ஆகக் குறைத்தது, 2027இல் 0.3 ஆகக் குறைக்கப்போவதாகவும் அறிவித்துவிட்டது. லண்டனில் இருப்பவர் "ஏழைகளுக்கு இரங்குங்கள்" என்று எழுதினால் கனிவான பதில் ஒன்று வரும், அதோடு முடிந்துவிடும். "நீங்களே இயற்றிய சட்டத்தின் அளவுக்கு எந்த ஆண்டில் திரும்புவீர்கள்?" என்று கேட்டால் ஓர் ஆண்டைச் சொல்லியாக வேண்டும், அல்லது சொல்ல மறுக்க வேண்டும். ஆனால் இதே வாசகத்தை அமெரிக்காவில் இருக்கும் உறவினருக்கு அனுப்பக் கூடாது. அமெரிக்கா அந்த 0.7 இலக்கை ஒருபோதும் ஏற்றுக்கொள்ளவில்லை; ஏற்காத வாக்கை மீறியதாகக் குற்றம் சாட்டினால் நம் கடிதம் முதல் பத்தியிலேயே விழுந்துவிடும்.

எண்களில் நாங்கள் பட்ட பாட்டைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். உலக வங்கி 2025 ஜூனில் கடும் வறுமைக் கோட்டை நாளொன்றுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக உயர்த்தியது. எங்கள் துண்டறிக்கையில் அந்த 3 டாலரை வங்கி மாற்று விலையால் பெருக்கி, தலைக்கு 250 ரூபாய்க்கு மேல் என்று அச்சிட்டுவிட்டோம். கூட்டத்தில் ஒரு தோட்டத் தொழிலாளி, கொழுந்து பறித்துக் காப்புக் காய்த்த விரலை மடக்கி மடக்கி எண்ணி, "நாலு பேருக்கு ஆயிரம் ரூபா. அப்படின்னா எங்க லயத்துல யாருமே தப்ப முடியாதே?" என்றார். அவர் கேட்டது முழுக்க நியாயம். அந்த டாலர் வாங்கும் திறனைக் கொண்டு கணக்கிடப்படுவது. அமெரிக்காவில் 3 டாலருக்குக் கிடைக்கும் பொருளை இங்கே வாங்க எவ்வளவு ஆகும் என்பதே அதன் பொருள். ரூபாயில் அது நாங்கள் அச்சிட்டதைவிட மிகக் குறைவு. கோடு மாறியதாலேயே, உலகில் கடும் வறுமையில் இருப்போரின், அதே 2022ஆம் ஆண்டுக்கான எண்ணிக்கை ஏறத்தாழ 71 கோடியிலிருந்து 84 கோடியாக மாறியது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அடுத்தடுத்து வைத்து "வறுமை பெருகிவிட்டது" என்று எழுதுவது பொய்யாகும். 1990க்குப் பிறகு நூறு கோடிக்கும் மேற்பட்டோர் கடும் வறுமையிலிருந்து மீண்டிருக்கிறார்கள். அதை மறைத்தால், எதுவுமே பயன் தராது என்று சொல்பவர்களுக்கு நாமே துணைபோகிறோம்.

பணத்தை மட்டும் கேட்பதும் தவறு. ஏழை நாடுகள் வெளிநாட்டுச் சந்தைகளில் விற்ற கடன் பத்திரங்களில் பெரும்பகுதி இங்கிலாந்து, நியூயார்க் சட்டங்களின் கீழ் எழுதப்பட்டவை. அவற்றை மலிவாக வாங்கி முழுத் தொகைக்கும் வழக்குப் போடும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த பிரிட்டன் 2010இல் ஒரு சட்டம் இயற்றியது. கொடைப் பணம் எதுவும் கேட்காமலே செய்யக்கூடிய உதவி அது. 1998இல் பணக்கார நாடுகளின் தலைவர்கள் கூடிய பர்மிங்காமில் பல்லாயிரம் பேர் கைகோத்து நின்று கேட்டதும் கடன் நீக்கத்தைத்தான்.

உதவியின் குறைகளை மூடி மறைக்க வேண்டாம். அகதிகளுக்காகத் தன் நாட்டுக்குள்ளேயே செய்யும் செலவையும் ஒரு கொடையாளி நாடு உதவிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். நம் தரப்பே அதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. பசித்த குழந்தையின் படத்தை, பெற்றோர் ஒப்புதல் இல்லாமல், எந்தக் காரணத்துக்காகவும் அச்சிடாதீர்கள்.

உள்ளூரிலிருந்து வரும் எதிர்ப்பை அறியாமை என்று தள்ளிவிடுவதும் பிழைதான். வயதான சிறு தேயிலை விவசாயி ஒருவர் எங்கள் மேசைக்கு வந்து, "நம்ம பச்சை இலைக்கே விலை இல்ல. ஆப்பிரிக்காவுக்கு எதுக்குத் தம்பி கேக்கறீங்க?" என்றார். ஐவரி கோஸ்டும் கானாவும் உலகக் கோக்கோவில் பாதிக்கு மேல் விளைவித்தாலும், அதன் விலை லண்டன், நியூயார்க் சந்தைகளில் தீர்மானமாவதையும், சாக்லேட்டின் லாபம் வேறு நாடுகளில் தங்கிவிடுவதையும் அவருக்கு விளக்கினேன். சற்று நேரம் பேசாமல் நின்றவர், "அங்கயும் சரக்க நிறுத்துக் கொடுத்த பொறகுதான் விலை தெரியுமா?" என்று கேட்டார். டொரண்டோவுக்கு அடுத்து அனுப்பிய கடிதத்தை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கினோம்.