உறைபனிக்கு முன்னும் பின்னும்: ரொறன்ரோ வீட்டுத் தோட்டத்தின் இலையுதிர்கால வேலைகள்

ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் வீட்டுத் தோட்டம் வைத்திருப்போரில் பலர், இலை பழுக்கத் தொடங்கியதும் ஒரே வார இறுதியில் எல்லாவற்றையும் பிடுங்கி, வளவைக் கூட்டித் துப்புரவாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கண்ணுக்கு அது அழகாக இருக்கலாம். தோட்டத்துக்கு அது நல்லதல்ல. இந்தப் பருவத்தின் வேலைகள் செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் வரை நீளுகின்றன, அவற்றின் ஒழுங்கை நாட்காட்டியைவிட இரவு வெப்பநிலையே தீர்மானிக்கிறது.

முதலில் கவனிக்க வேண்டியவை சாடிகளில் வளரும் வெப்பநாட்டுச் செடிகள். இரவு வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போதே கறிவேப்பிலை, மல்லிகை, எலுமிச்சை, முருங்கை ஆகியவற்றை உள்ளே எடுத்துவிட வேண்டும். உறைபனி எச்சரிக்கை வரும்வரை காத்திருக்கக் கூடாது. ஆனால் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வரவேற்பறையில் வைப்பது பெரும் தவறு. வெளியில் பூச்சிகளைத் தின்னும் பொறிவண்டுகளும் மழையும் உண்டு, வீட்டுக்குள் அவை இல்லை. ஆகவே இலையின் அடியில் ஒட்டியிருக்கும் நாலைந்து செதிற்பூச்சிகளோ சிலந்திப்பேன்களோ தை மாதத்துக்குள் செடி முழுவதையும் மூடிவிடும். இலைகளின் இருபுறத்தையும் குழாய்த் தண்ணீரால் வேகமாக அடித்துக் கழுவி, பூச்சிகளுக்கென விற்கப்படும் சோப்புக் கரைசலைத் தெளித்து, இரண்டு வாரம் மற்றச் செடிகளிலிருந்து விலக்கி வைத்த பிறகே தெற்கு நோக்கிய யன்னலுக்குக் கொண்டுபோக வேண்டும். வெப்பக் காற்று வரும் துவாரத்துக்கு அருகில் வைக்கவே கூடாது.

கறிவேப்பிலை குளிர்காலத்தில் இலையைக் கொட்டினால் பதறத் தேவையில்லை. தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் செடி உயிரோடுதான் இருக்கிறது. மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே நீர் ஊற்ற வேண்டும், பசளையை வசந்தம் வரை மறந்துவிட வேண்டும். இங்கே குளிரால் செத்த கறிவேப்பிலைகளைவிட, அன்பு மிகுதியால் நீரூற்றிச் சாகடிக்கப்பட்டவை அதிகம் என்பது என் எண்ணம்.

தக்காளி, கத்தரி, மிளகாய், பாகல், பயற்றை ஆகியவை முதல் உறைபனியோடு கருகிவிடும். ரொறன்ரோவின் வட புறநகர்களில் அது ஒக்டோபர் தொடக்கத்திலேயே வரலாம். ஏரியை அண்டிய பகுதிகளில் சற்றுப் பிந்தும். ஓர் இரவு மட்டும் குளிர் என்றால் பழைய படுக்கை விரிப்பால் மூடி, காலையில் எடுத்துவிட்டால் போதும். தொடர் குளிர் என்றால் காய்களை எல்லாம் பறித்துவிட வேண்டும். முழு அளவுக்கு வளர்ந்து, கடும் பச்சை நீங்கி வெளிறத் தொடங்கிய தக்காளிகளை ஓர் அட்டைப் பெட்டியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, பழுத்த ஆப்பிள் ஒன்றையும் உடன் வைத்தால் அவை வீட்டுக்குள்ளேயே பழுக்கும். அதற்கு வெயில் வேண்டியதில்லை, குளிர்சாதனப் பெட்டி ஆகாது. கேல், லீக்ஸ், கரட் ஆகியவற்றை மட்டும் நிலத்திலேயே விடுங்கள், உறைபனி பட்ட பிறகு அவை இனிக்கும்.

செடிகளை அகற்றும்போது எல்லாவற்றையும் வேரோடு பிடுங்க வேண்டாம். பயற்றைக் கொடியை மண்மட்டத்தில் வெட்டிவிட்டு வேரை விட்டால், அது உக்கி மண்ணுக்குத் தழைச்சத்தைத் தரும். கருகல் நோய் கண்ட தக்காளிச் செடிகளையும், மாப் பூசியதுபோல் வெள்ளைப் பூஞ்சணம் படிந்த பூசணிக் கொடிகளையும் வீட்டுக் கூட்டெருக் குவியலில் போடாமல், தோட்டக் கழிவுக்கான பழுப்புக் காகிதப் பைகளில் கட்டி மாநகரசபைக்குக் கொடுத்துவிடுங்கள். நோய்க்கிருமிகளைக் கொல்லும் அளவுக்கு வீட்டுக் குவியல் சூடேறுவதில்லை.

உதிர்ந்த இலைகளை மட்டும் பையில் கட்டாதீர்கள். நல்ல பசளையைத் தெருவோரத்தில் வைத்துவிட்டு, வசந்தத்தில் காசு கொடுத்து மூட்டை மூட்டையாக எரு வாங்குவது எந்தக் கணக்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. புல்வெட்டும் இயந்திரத்தை இலைகளின்மேல் இரண்டு முறை ஓட்டினால் அவை துண்டு துண்டாகும். அதைக் காய்கறிப் பாத்திகளின்மேல் நாலைந்து அங்குலத்துக்குப் பரப்பிவிடலாம். முழு இலைகளாகப் பரப்பினால் அவை பாய்போல ஒட்டிக்கொண்டு மண்ணுக்கு நீர் இறங்காமல் தடுக்கும். நோர்வே மேப்பிள் இலைகளில் காணும், தார் சிந்தியதுபோன்ற கரும்புள்ளிகள் காய்கறிகளை ஒன்றும் செய்யா. கறுப்பு வால்நட் மரத்தின் இலைகளை மாத்திரம் விலக்குங்கள், அவற்றிலுள்ள நச்சுப்பொருள் தக்காளியையும் கத்தரியையும் வாடச் செய்யும்.

பூப்பாத்திகளை வெட்டித் துப்புரவாக்குவதை வசந்தத்துக்குத் தள்ளிப்போடுவது நல்லது. உள்ளீடற்ற காய்ந்த தண்டுகளில் காட்டுத் தேனீக்கள் சிலவும், இலைச் சருகில் அந்துப்பூச்சிகளின் கூட்டுப்புழுக்களும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. நின்று காயும் பூத்தலைகளின் விதைகளைத் தேடிக் குருவிகள் வரும். அயலவரின் பார்வைக்காக முன்வளவைச் சற்று ஒழுங்காக்கி, பின்வளவை விட்டுவிடுவது ஒரு சமரசம்.

பாத்தி ஒன்று வெறுமையானதும் உள்ளி, அதாவது வெள்ளைப்பூண்டு, நடலாம். ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து நிலம் உறையும்வரை அதற்குக் காலம். கடைகளில் விற்கும் இறக்குமதி உள்ளி இந்தக் குளிருக்கு ஏற்றதாக இராது. உழவர் சந்தையில் ஒன்ராறியோவில் விளைந்த, நடுத்தண்டு கெட்டியான உள்ளியை வாங்குங்கள். பற்களை உரிக்காமல் பிரித்து, கூர்முனை மேல்நோக்க, இரண்டு அங்குல ஆழத்தில், ஆறு அங்குல இடைவெளியில் ஊன்றி, வைக்கோலோ துண்டாக்கிய இலையோ போட்டு மூடினால் ஜூலையில் பூண்டு கிடைக்கும். அதற்கு முன்பே, ஜூனில் சுருண்டு வரும் பூந்தண்டுகளை வெட்டி வறை செய்யலாம்.

கடைசி வேலை வெளிக்குழாய். நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும் என்பதால், குழாயில் தங்கிய நீர் அதை வெடிக்கச் செய்யலாம். பேஸ்மென்ட்டில் உள்ள அதன் அடைப்பானை மூடி, பிறகு வெளிக்குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடியவிட வேண்டும். நீர்க்குழாய்ச் சுருளைக் கழற்றி வடித்துச் சுருட்ட வேண்டும். மண்சாடிகளையும் வெறுமையாக்கிக் கராஜில் கவிழ்த்து வையுங்கள். வரிசைகளின் இரு முனையிலும் தடி ஊன்றி, எந்தப் பாத்தியில் உள்ளி இருக்கிறது என்று எழுதிவிட்டால், ஏப்ரலில் பனி உருகியதும் அதன்மேல் மண்வெட்டி விழாது.