கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு எந்த மருந்து?

ஹூஸ்டனில் எங்கள் வீட்டுக் கராஜின் மூலையில் ஒரு மேசை கிடக்கிறது. சனிக்கிழமை இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு நான் அங்கேதான் இருப்பேன். 9 எம்.எம்., .38 ஸ்பெஷல் என்ற இரண்டு தோட்டா வகைக்கும் சுட்ட கூடுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, வெடிமருந்தும் குண்டும் மறுபடி நிரப்புகிறேன். புதிதாக இதில் இறங்கும் நண்பர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: எந்த மருந்து வாங்கட்டும்?

(ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: அங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். இது இங்கே, அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு.)

மருந்து என்றதும் நாட்டுத் துப்பாக்கியில் கிட்டிக்கும் கரிமருந்து நினைவுக்கு வரும். அது வேறு. இங்கே நமக்கு வேண்டியது புகையில்லா மருந்து. ஒன்றின் அளவை வைத்து இன்னொன்றைப் போட்டால் துப்பாக்கியும் மிஞ்சாது, கையும் மிஞ்சாது.

கடைக்குப் போவதற்கு முன் கையேட்டைத் திறங்கள். ஹாட்ஜ்டன், அலையன்ட் போன்ற மருந்து நிறுவனங்கள் தங்கள் மருந்துகளுக்கான அளவுப் பட்டியலை இணையத்தில் இலவசமாகவே தருகின்றன. உங்கள் தோட்டா வகை, குண்டின் எடை, குண்டு ஈயமா செப்பு உறை போட்டதா என்று பார்த்து, அந்தச் சேர்க்கைக்கு எந்தெந்த மருந்துக்கு அளவு கொடுத்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத மருந்து எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அப்புறம் எரியும் வேகம். புல்ஸ்ஐ, டைட்குரூப் போன்ற மருந்துகள் சட்டென்று எரிபவை. யூனிக், வின்செஸ்டர் 231 நடுத்தரம். 2400, எச்110 நிதானமானவை, அவை .357, .44 மேக்னம் போன்ற பெரிய தோட்டாக்களுக்கு. எச்110 விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: உதை குறையட்டுமே என்று கையேட்டில் உள்ளதற்குக் கீழே அளவைக் குறைக்கக் கூடாது. மருந்து சரியாக எரியாமல் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் கதை முடிந்தது.

வேகமான மருந்து சிக்கனம். ஒரு பவுண்டு என்பது 7000 கிரெய்ன். தோட்டாவுக்கு 4 கிரெய்ன் போனால் ஒரு டப்பாவில் 1750 தோட்டா. 6 கிரெய்ன் போனால் 1160 சொச்சம்தான். இந்தக் கணக்கில் மயங்கித்தான் நானும் முதலில் டைட்குரூப் வாங்கினேன்.

ஒருநாள் இரவு .38 கூடுகள் ஐம்பதைத் துளைப் பலகையில் நிறுத்தி மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் அம்மாவிடமிருந்து போன். பேசி முடித்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். குண்டு வைப்பதற்கு முன் டார்ச் அடித்து வரிசையாக எட்டிப் பார்த்தபோது, மூன்றாவது வரிசையில் ஒரு கூட்டில் மட்டும் மருந்து கொஞ்சம் மேலே நின்றது போல இருந்தது. கொட்டித் தராசில் போட்டேன். சரியாக இரண்டு மடங்கு. .38 ஸ்பெஷல் கரிமருந்துக் காலத்துக் கூடு, உள்ளே இடம் அதிகம். டைட்குரூப் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். இரட்டிப்பாகப் போட்டாலும் லேசில் கண்ணில் படாது.

அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது கூட்டை மருந்து எவ்வளவு நிரப்புகிறது என்பதைத்தான். யூனிக் பொசுபொசுவென்று இடத்தை அடைக்கும். 9 எம்.எம். கூட்டில் தவறி இரண்டு தடவை விழுந்தால் வாய் வழியாக வழிந்துவிடும். .38-ல் வழியாது, ஆனால் பார்த்தவுடன் தெரியும். அதனால் முதல் டப்பா யூனிக்காக இருக்கட்டும் என்பேன்.

அதற்கும் குறை உண்டு. அது அவல் மாதிரி சின்னச் சின்னச் செதில். அளவுக் கருவியில் அடைத்துக்கொண்டு ஒரு தடவை குறைவாக, அடுத்த தடவை கூடுதலாக விழும். பத்துக்கு ஒன்றைத் தராசில் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் 231. மணி மணியான மருந்து, சீராக இறங்கும். ஹாட்ஜ்டனின் எச்பி-38 என்பதும் இதே மருந்துதான், டப்பாதான் வேறு. எது விலை குறைவோ அதை எடுங்கள்.

முதலில் ஒரு பவுண்டு போதும். கையேட்டில் ஆரம்ப அளவு, உச்ச அளவு என்று இரண்டு எண் இருக்கும். ஆரம்ப அளவில் பத்துத் தோட்டா செய்து சுட்டுப் பாருங்கள். நான் சுடும் போட்டிக்குப் போவதால் 124 கிரெய்ன் குண்டு நொடிக்கு 1050 அடி வேகத்தில் போனால் போதும்: எடையையும் வேகத்தையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 130, போட்டியில் குறைந்தது கேட்பது 125. அதற்கு மேல் ஏற்றுவதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை.

பிடித்திருந்தால் பிறகு மொத்தமாக வாங்கலாம். அனுப்பி வைக்கும் கடைகள் அபாயப் பொருள் கட்டணம் தனியாகப் போடுவார்கள், அதனால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குவது நல்லது. ஹூஸ்டன் வெயிலில் கராஜில் வைக்காதீர்கள். என் டப்பாக்கள் வீட்டுக்குள், குளிர்ந்த அலமாரியில். திறந்தால் கரைப்பான் போல ஒரு வாசனை வர வேண்டும். காட்டமான நெடியும் செம்பழுப்புத் தூளும் தெரிந்தால் அந்த மருந்து கெட்டுவிட்டது.

மேசையில் எப்போதும் ஒரே ஒரு டப்பா. எழுந்திருக்கும்போது கருவியில் மிச்சம் இருப்பதை அதே டப்பாவில் கொட்டி மூடிவிடுவேன். போன் இப்போதெல்லாம் சமையலறையிலேயே கிடக்கும். அம்மா கூப்பிட்டால் மனைவி எடுத்துப் பேசுவாள்.