ஷோரூமுக்கு முன்னால் வீட்டு ஏற்றம்: குமரிக் குடும்பத்துக்கு ஒரு காம்பாக்ட் எஸ்யூவி

தக்கலை, குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் பாதி வீடுகள் ரோட்டைவிட மேலேயோ பள்ளத்திலோதான் இருக்கும். அதனால் முதலில் அளக்க வேண்டியது வண்டியை அல்ல, வீட்டு வாசலை. கேட்டின் அகலம், கார் ஷெட்டின் நீளம், ஏற்றம் முடிந்து தரை சமமாகும் முனை, இந்த மூன்றையும் டேப் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வண்டி அடி தட்டுவது பெரும்பாலும் அந்த முனையில்தான். தரைக்கும் வண்டி அடிக்கும் உள்ள இடைவெளியான கிரவுண்ட் கிளியரன்ஸ் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். டாடா நெக்ஸானுக்கு 208 மி.மீ., மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓவுக்கு 201. வித்தியாசம் ஏழே மில்லிமீட்டர். ஆனால் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் நெக்ஸானில் 2,498, 3எக்ஸ்ஓவில் 2,600 மி.மீ. இந்தத் தூரம் கூடினால் நடுவயிறு முனையில் உரச வாய்ப்பும் கூடும். அதே நீளம்தான் பின் சீட்டில் கால் நீட்ட இடமும் தருகிறது. எது வேண்டும் என்பது உங்கள் முனை எவ்வளவு கூர்மை என்பதைப் பொறுத்தது. கொத்தனாரை வைத்து முனையைக் கொஞ்சம் வளைத்துப் பூசிவிட்டால் பல வீடுகளில் இந்தக் கவலையே தீரும். செலவும் அலாய் வீலைவிடக் குறைவு.

டெஸ்ட் டிரைவ் வண்டியை உங்கள் வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். ஐந்து பேர் ஏறி, ஏசி போட்டு, ஏற்றத்தின் பாதியில் நிறுத்தி மறுபடி எடுங்கள். சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சினில் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) ஏறும்வரை இழுவை மந்தமாக இருக்கும். கிளட்ச்சைப் பாதியில் பிடித்துப் பிடித்து ஏற்றினால் தேய்ந்து கருகல் வாடை வரும். அடுத்து ரிவர்ஸிலும் ஏற்றிப் பாருங்கள். சாதாரண கியர்பாக்ஸின் கிளட்ச்சையும் கியரையும் தானே இயக்கும் ஏஎம்டி வண்டி திணறுவது பெரும்பாலும் இங்கேதான். ஆட்டோமேட்டிக்தான் வேண்டும், ஏற்றமும் செங்குத்து என்றால் கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியே இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ளதே நல்லது.

பாட்டியைப் பின் சீட்டில் உட்காரவைத்து இறங்கச் சொல்லுங்கள். சீட் இடுப்பு உயரத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் முட்டிவலிக்காரர்களுக்குச் சுகம். நடு சீட்டுக்கு மூன்று முனை பெல்ட் இருக்கிறதா, குழந்தை சீட்டுக்கு ஐஸோஃபிக்ஸ் கொக்கி கைக்கு எட்டுகிறதா என்றும் பாருங்கள்.

டீசலா பெட்ரோலா? பள்ளிக்கூடம், வடசேரி சந்தை, கோயில் என்று ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டம்தான் என்றால் டீசல் வேண்டாம். சைலன்சர் பாதையில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய, வண்டி நிற்காமல் கொஞ்ச நேரம் வேகமாக ஓட வேண்டும். நெரிசலில் நின்று நின்று போகும் வண்டிக்கு அது கிடைக்காது. அடைப்பு விளக்கு எரியும். வாரம் இரண்டு முறை திருநெல்வேலி போய் வருபவருக்கு டீசல் கட்டுப்படியாகும்.

விலையில் ஒரு சூட்சுமம். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம். டீசலுக்கு அந்த வரம்பு 1,500 சிசி. மாருதி பிரெஸ்ஸா நான்கு மீட்டருக்குள்தான், ஆனால் பெட்ரோல் எஞ்சின் 1,462 சிசி என்பதால் 40 சதவீதம். அதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை; டர்போ இல்லாத எஞ்சின், அலட்டல் குறைவு.

குளச்சல், முட்டம் போலக் கடலோரத்தில் வீடு என்றால் உப்புக்காற்று முதலில் கதவின் அடிவிளிம்பையும் சைலன்சரையும் தின்னும். வாரம் ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். துருப்பிடிக்காமல் அடிப்பாகத்தில் பூசும் அண்டர்கோட்டிங் அடிப்பவர் கதவின் கீழே உள்ள சிறு துளைகளை அடைத்துவிடாமல் கூட நின்று பாருங்கள்; அடைத்தால் மழைத்தண்ணீர் உள்ளேயே தேங்கி, கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

ரப்பர் மரத்தடியில் நிற்கும் வண்டிக்கு சன்ரூஃப் தொல்லை. உதிரும் சருகு அதன் வடிகால் குழாயை அடைத்தால் அடுத்த மழையில் கால்மிதி நனையும். அந்தப் பணத்தில் ஆறு ஏர்பேக்கும், வண்டி தடம் விலகினால் தானே பிரேக் பிடித்து நேராக்கும் ஈஎஸ்சியும் உள்ள வேரியன்ட்டை எடுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயின் பக்கக்காற்றில் உயரமான வண்டி அலையும்போது ஈஎஸ்சியின் அருமை தெரியும். அங்கே இறங்கும்போது கதவைக் கையால் பிடித்துக்கொண்டே திறங்கள். காற்று பிடுங்கினால் கீல் வளைந்துவிடும்.