கொலம்பஸ், இண்டியானா: ஹை ஸ்கூல் வயதில் பிள்ளையோடு வருபவர்களுக்கு

எஞ்சின் தயாரிக்கும் கம்மின்ஸ் நிறுவனத்தில் வேலைக்காகக் கொலம்பஸ் வருகிறீர்கள், வீட்டில் 9 முதல் 12 வரை ஏதாவது ஒரு வகுப்பில் பிள்ளை இருக்கிறது என்றால், பெட்டி கட்டும் முன் இதை வாசித்துவிடுங்கள். ஒஹாயோவின் பெரிய கொலம்பஸ் வேறு. நம்முடையது இண்டியானாபொலிசுக்குத் தெற்கே, சுமார் 50,000 பேர் வாழும் சின்ன ஊர்.

வரப்போகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த ஸ்கூல் நல்ல ஸ்கூல்?" அதற்கு இந்த ஊரின் கதையிலிருந்துதான் பதில் சொல்ல வேண்டும். கம்மின்ஸ் 1919இல் இங்கே தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிள்ளைகளின் எண்ணிக்கை மளமளவென்று கூடியது, பள்ளிக்கூடங்கள் போதவில்லை. நல்ல பொறியாளர்கள் ஒரு சின்ன ஊருக்குக் குடிவர வேண்டுமென்றால் அங்கே பள்ளிக்கூடம் நன்றாக இருக்க வேண்டும் என்பதில் நிறுவனத்தை நடத்திய ஜே. இர்வின் மில்லர் உறுதியாக இருந்தார். தேர்ந்த கட்டடக் கலைஞரை வைத்துப் பள்ளி கட்டினால் அவருடைய கட்டணத்தைக் கம்மின்ஸ் அறக்கட்டளை தரும் என்று ஏற்பாடானது. அப்படி முதலில் எழுந்தது 1957இல் ஹாரி வீஸ் வடிவமைத்த ஷ்மிட் தொடக்கப் பள்ளி. 1972இல் மிட்செல்-ஜுர்கோலா வடிவமைத்த கொலம்பஸ் ஈஸ்ட் ஹை ஸ்கூலும் அதே வழியில் வந்ததுதான். அதுவரை ஊருக்கு ஒன்றாக இருந்த கொலம்பஸ் ஹை ஸ்கூல், ஈஸ்ட் வந்த பிறகு நார்த் ஆனது. முன்னாள் துணை அதிபர் மைக் பென்ஸ், கார் பந்தய வீரர் டோனி ஸ்டூவர்ட் இருவரும் நார்த்தில் படித்தவர்கள்.

வெளியூரிலிருந்து வேலைக்கு வரும் நம்மைப் போன்ற குடும்பங்களை மனதில் வைத்துத்தான் இந்த ஊர் பள்ளிக்கூடங்களுக்கு இவ்வளவு செய்திருக்கிறது. அதனால் ரேட்டிங் எண்களைப் பார்த்துப் பதற வேண்டாம். நார்த், ஈஸ்ட் இரண்டுமே நல்ல பள்ளிகள். செய்முறைத் திட்டங்கள் வழியாகவே பாடம் நடத்தும் நியூ டெக் என்ற சிறிய பள்ளியும் உண்டு. மூன்றும் பி.சி.எஸ்.சி. என்ற பள்ளி மாவட்டத்தின் கீழ் வருகின்றன. எந்த முகவரிக்கு எந்தப் பள்ளி என்று அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்புறம் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவர வேண்டியவற்றில் பலரும் கோட்டைவிடுவது ஒன்பதாம் வகுப்பு மார்க்‌ஷீட். நம் ஊரில் பத்தாவது பொதுத்தேர்வு வந்ததும் ஒன்பதாவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே ஹை ஸ்கூல் தொடங்குவதே ஒன்பதில்தான். அந்த வருட மதிப்பெண்ணும் கல்லூரி விண்ணப்பம் வரை கூடவே வரும். பள்ளி முத்திரையோடு அசலை வாங்கி வையுங்கள், பாடத்திட்டத்தின் நகலும் இருந்தால் நல்லது. கணக்கில் பிள்ளை எந்த அளவு படித்திருக்கிறது என்று, பாடங்களைத் தேர்ந்தெடுக்க வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலருக்குக் காட்ட அது உதவும்; இல்லையென்றால் முடித்த அல்ஜீப்ராவையே மறுபடி படிக்க நேரலாம். தடுப்பூசி அட்டையில் ஹெப்படைட்டிஸ் ஏ, சின்னம்மை (சிக்கன்பாக்ஸ்), மெனிஞ்சைட்டிஸ் ஊசிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நம் ஊர் அரசு அட்டவணையில் இல்லாத இவற்றை இங்கே கேட்பார்கள்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி எது என்று ஒரு கேள்வி வரும். பிள்ளையைத் தனி வகுப்பில் போட்டுவிடுவார்களோ என்று பயந்து சிலர் ஆங்கிலம் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள், தமிழ் என்றே எழுதுங்கள். ஓர் ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். தேறினால் அதோடு சரி. தேறாவிட்டால் கிடைக்கும் உதவி பிள்ளையின் உரிமை; 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதைச் சொல்லியிருக்கிறது.

அடுத்தது சி4. ஹை ஸ்கூல் மாணவர்கள் நாளின் ஒரு பகுதியில் போய்ப் படிக்கும் தொழிற்கல்வி மையம் இது. சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். நம் பெற்றோர் பெரும்பாலும் இந்தப் பக்கமே வருவதில்லை, மார்க் குறைந்தவர்களுக்கான இடம் என்று ஒதுக்கிவிடுகிறோம். இது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள். வெல்டிங் கூடத்தில் முகக்கவசம் போட்ட பதினாறு வயதுப் பிள்ளை இரண்டு இரும்புத் தகடுகளை ஒட்டிக் கொண்டுவந்து நீட்டும். ஆசிரியர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பற்று எங்கே மெலிந்திருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டுவார். பிள்ளை மறுபடி உட்கார்ந்து செய்யும். பொறியியல் படிக்கப்போகும் பிள்ளைக்கு இதைவிட நல்ல அடித்தளம் எது? மருத்துவம் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு அங்கே சுகாதாரத் துறைப் பாடங்கள் உண்டு. பல பாடங்களுக்கு ஐவி டெக் கல்லூரி கிரெடிட்டும் சேர்ந்தே கிடைக்கும். ஏ.பி. என்ற கல்லூரித் தர வகுப்புகளை விட்டுவிடச் சொல்லவில்லை. இரண்டையும் எடுக்க முடியுமா என்று கவுன்சிலரிடம் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இதில் விசா விஷயம் ஒன்று இருக்கிறது. எச்4, எல்2 விசாவில் இருக்கும் பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. பள்ளி வழியாக வரும் இன்டர்ன்ஷிப்பானாலும் சம்பளம் உண்டென்றால் முதலில் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 21 வயது ஆனதும் அந்த விசா முடிந்துவிடும். அந்த விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவித்தொகையும் கிடைக்காது. கல்லூரிச் செலவுக் கணக்கைப் பத்தாம் வகுப்பிலேயே போட்டுவிடுங்கள்.

மற்றபடி செலவு குறைவுதான். 2023 முதல் இண்டியானா அரசுப் பள்ளிகள் பாடப்புத்தகக் கட்டணம் வாங்குவதில்லை. எஸ்.ஏ.டி. தேர்வைப் பதினோராம் வகுப்பில் பள்ளியிலேயே இலவசமாக எழுதலாம்.

பள்ளி ஆகஸ்ட் தொடக்கத்திலேயே திறந்துவிடும். கூடைப்பந்தை உயிராக நினைக்கும் மாநிலம் இது. 1954இல் மைலன் என்ற குட்டி ஊரின் பள்ளி மாநிலக் கோப்பையை வென்றதை இன்னும் பேசுகிறார்கள். கூடைப்பந்தோ ஓட்டமோ, பள்ளி அணியில் சேர ஆசைப்பட்டால் மருத்துவர் கையெழுத்திட்ட உடற்தகுதிப் படிவம் வேண்டும். ஏப்ரல் 1க்குப் பிறகு செய்த பரிசோதனைதான் வரும் கல்வியாண்டுக்குச் செல்லும். வந்திறங்கிய வாரமே டாக்டரிடம் நேரம் வாங்கிவிடுங்கள், ஜூலையில் கிடைப்பது கடினம்.