பொருளாதாரத் தடையை எடைபோடும் முறை

வெளிநாடொன்று இலங்கைக்குத் தடை விதித்ததாகச் செய்தி வரும் நாளில், வெள்ளவத்தைத் தேநீர்க்கடையில் ஒருவர் நீதி பிறந்துவிட்டது என்பார், மற்றவர் நாடு நாசமாகப்போகிறது என்பார். எவர் பக்கமும் சாய்வதற்கு முன், விதிக்கப்பட்டது எவ்வகைத் தடை என்று பாருங்கள். 2025 மார்ச்சில் பிரித்தானியா, போர்க்கால மனித உரிமை மீறல்களுக்காக, முன்னாள் படைத் தளபதிகளான சவேந்திர சில்வா, வசந்த கரன்னகொட, ஜகத் ஜயசூரிய, முன்னாள் புலித் தளபதி கருணா அம்மான் ஆகிய நால்வருக்கு விதித்தவை பயணத் தடையும் சொத்து முடக்கமும். அவற்றால் புறக்கோட்டையில் பருப்பின் விலை ஒரு சதமும் ஏறாது. சித்திரவதைக்கு எதிரான சமவாயம் போன்ற மனித உரிமைச் சமவாயங்களை இலங்கை நடைமுறைப்படுத்தவில்லை என்று கூறி, 2010 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் ஜி.எஸ்.பி. பிளஸ் எனும் ஏற்றுமதி வரிச்சலுகையை இடைநிறுத்தியதோ, கறாராகச் சொன்னால், தடையே அல்ல. கொடுத்த சலுகையை மீளப் பெற்றதுதான்.

அடுத்து, சுமை யார் தலையில் இறங்குகிறது என்று கணக்குப் போடுங்கள். அதுவரை வரியின்றி ஐரோப்பாவுக்குள் நுழைந்த ஆடைக்கு, அதன்பின் பொதுவாக 9.6 வீத வரி விழுந்தது. அதாவது 1,000 ரூபாய்ச் சட்டைக்கு 96 ரூபாய். அதைக் கொள்வனவாளரும் ஏற்காமல், முதலாளியும் இலாபத்தில் விட்டுக்கொடுக்காமல் போனால், கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணின் மேலதிக நேரக் கொடுப்பனவில்தான் அது கழியும். சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தை மீறியவர் அவரல்லர்.

பின்னர், தடையை நீக்குவதற்கான நிபந்தனை எழுத்தில் உள்ளதா என்று தேடுங்கள். என் பார்வையில் மிக முக்கியமான கேள்வி இதுவே. இனவொதுக்கல் ஆட்சி நடந்த தென்னாபிரிக்காமீது 1986இல் அமெரிக்கா இயற்றிய தடைச் சட்டம், மண்டேலாவின் விடுதலை, அவசரகால நிலை நீக்கம், தடைசெய்யப்பட்ட கட்சிகளுக்கு அனுமதி என வெளியேறும் வழியைப் பெயர் சொல்லிக் காட்டியது. 1991 ஜூலையில் அவை நிறைவேறியதாகக் கூறித் தடையை நீக்கினார்கள். ஈராக்மீது 1990இல் விழுந்த முழுத்தடையோ ஆட்சியாளரை அசைக்காமல் மக்களையே வாட்டியது; அங்கு ஐ.நா.வின் மனிதாபிமானப் பணியை வழிநடத்திய டெனிஸ் ஹாலிடே அதைக் கண்டித்தே 1998இல் பதவி விலகினார்.

விளைவை அளக்கும்போது அவசரப்படாதீர்கள். ஜி.எஸ்.பி. பிளஸ் 2017 மே மாதம் திரும்பியபோதும் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் நடைமுறையில்தான் இருந்தது. இடையில் வந்த தகவலறியும் சட்டத்துக்கு வரிச்சலுகையைவிட 2015இன் ஆட்சிமாற்றமே பெரிய காரணம் என்பேன். 2000ஆம் ஆண்டு யாழ்ப்பாண மாவட்டத்தின் மிருசுவிலில் தமிழ்ப் பொதுமக்களைக் கொன்றதற்காகத் தண்டிக்கப்பட்டு 2020 மார்ச்சில் பொதுமன்னிப்புப் பெற்ற இராணுவத்தவர் சுனில் ரத்நாயக்கவுக்கு 2021இல் அமெரிக்காவும் 2023இல் கனடாவும் தடை விதித்தன. அவர் சிறைக்குத் திரும்பவில்லை. ஆனால் கொல்லப்பட்ட 8 பேரின் வழக்கு, பொதுமன்னிப்போடு முடிந்த கோப்பாக இல்லாமல், இரு நாடுகளின் பதிவுகளில் நிற்கிறது.