தனியா பிசினஸ் கிளாஸ்ல போறீங்களா? சீட்டு எடுக்குறதுக்கு முன்னால இத பாத்துக்கோங்க

மார்த்தாண்டத்துல இருந்து திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறுற யாருக்கும் சீட்டு பாக்க சொல்லிக் குடுக்க வேண்டாம். டயருக்கு மேல உள்ள சீட்டுல கால மடக்கி உக்காரணும், கடைசி வரிசைன்னா பாலராமபுரம் வரதுக்குள்ள இடுப்பு போயிரும், காலையில வலப்பக்கம் வெயில், டோர் பக்கம் உக்காந்தா ஏறுறவன் எறங்குறவன் எல்லாம் மேல இடிப்பான், இதெல்லாம் நமக்கு எட்டு வயசுலயே தெரியும். அதே ஆளு லட்சக் கணக்குல குடுத்து பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுக்கும்போது மட்டும் "பிசினஸ் கிளாஸ்தானே, எந்த சீட்டா இருந்தா என்ன"ன்னு கம்ப்யூட்டர் குடுக்குறத வாங்கிட்டு போயிருவான்.

நானும் அப்படி போனவன்தான். ரெண்டு வருஷமா சேத்து வச்ச மைல்ஸ (ஏர்லைன் குடுக்குற பாயின்ட்) எல்லாம் போட்டு ஒரு ராத்திரி ஃப்ளைட்டுக்கு அப்கிரேட் பண்ணினேன், எந்த கம்பெனின்னு வேண்டாம். விண்டோ சீட்டு கெடச்ச சந்தோஷத்துல வேற ஒண்ணும் பாக்கல. சீட்டு ரெண்டு ரெண்டா ஒட்டி இருக்குற பிளேன் அது. ஏறின ஒரு மணி நேரத்துல பக்கத்து சீட்டு பெரியவர் சீட்ட பெட்டா விரிச்சு கம்பளி மூடி படுத்துட்டாரு. ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு டாய்லெட் போணும். அவருக்க கால் முன்னால வரைக்கும் நீட்டி கெடக்கு, வழியே இல்ல. ரப்பர் தோட்டத்து கம்பி வேலி தாண்டுற மாதிரி ஒரு கைய முன் சீட்டுல ஊணி ஒரு கால தூக்கி அந்தப் பக்கம் வச்சேன், இன்னொரு கால் தூக்கும்போ பிளேன் லேசா குலுங்கிச்சு, நேரா அவரு முட்டு மேல உக்காந்துட்டேன். அவரு கண்ண தொறந்து "எந்தா மோனே?"ன்னாரு. என்னத்த சொல்ல. திரும்பி வரும்போதும் இதே சர்க்கஸ்தான்.

அதுல இருந்து டிக்கெட் எடுக்குறதுக்கு முன்னால நான் பாக்குற மொத விஷயம் ஏர்லைன் பேர் இல்ல, பிளேன் மாடல்தான். புக் பண்ற பக்கத்துலயே ஃப்ளைட் நம்பருக்கு கீழ சின்ன எழுத்துல A350-900, 777-300ER-ன்னு போட்டிருப்பான், அத குறிச்சு வச்சுக்கோங்க. ஒரே ஏர்லைனுக்குள்ளயே சீட்டு ஆகாசத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம் இருக்கும். ஏர் இந்தியாவ எடுத்துக்கோங்க, 2024-ல ஓட ஆரம்பிச்ச A350-ல பிசினஸ் 1-2-1 (இந்த நம்பர் என்னன்னு கீழ சொல்றேன்), எல்லாருக்கும் வழிக்கு நேரா சீட்டு, கதவும் உண்டு. அவங்களுக்க பழைய உள்வேலை மாத்தாத 787-8-ல 2-2-2, பழைய 777-ல 2-3-2. எமிரேட்ஸ்லயும் புதுசா மாத்தின 777 வேற, மாத்தாத 777-ல 2-3-2, அதாவது ரெண்டு பேருக்கு நடுவுல ஒருத்தன் உக்காரணும். பிசினஸ் கிளாஸ்ல மிடில் சீட்டான்னு கேக்காதீங்க, இருக்கு.

இந்த நம்பர் என்னன்னா, ஒரு வரிசையில இடப்பக்கம் எத்தன, நடுவுல எத்தன, வலப்பக்கம் எத்தன அவ்வளவுதான். தனியா போறவனுக்கு 1-2-1 கெடச்சா கண்ண மூடிட்டு ஓரத்துல உள்ள ஒத்த சீட்டு. 2-2-2 மட்டும்தான்னா நடுவுல உள்ள ரெண்டுல ஒண்ண எடுங்க, ஏன்னா நடு சீட்டுல ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு வழி உண்டு, யாரும் யார் மேலயும் ஏற வேண்டாம். விண்டோ எடுத்தா என் கதைதான். பிரிட்டிஷ் ஏர்வேஸோட பழைய பிசினஸ் கிளாஸ், கிளப் வேர்ல்டுன்னு பேரு, 2-4-2, அதுல விண்டோ சீட்டு பின்னால பாத்து இருக்கும், வெளிய வரணும்னா பக்கத்து ஆளு கால தாண்டணும். அதுல கேபினோட கடைசி வரிசை விண்டோவுக்கு மட்டும் தாண்டாம வர வழி உண்டு, தெரிஞ்சவன் அத மொதல்லயே பிடிச்சிருவான். 2019-ல வந்த அவங்களுக்க புது சீட்டு கிளப் சூட்டுல இந்த தொல்லை இல்ல, அது 1-2-1.

திருவனந்தபுரத்துல இருந்து வளைகுடாவுக்கு சின்ன பிளேன் போறதுல பிசினஸ்னா பெரும்பாலும் 2-2, சாயுற சீட்டுதான், பெட் ஆகாது. நாலு மணி நேரம், அதுக்கு வழிப்பக்க சீட்டே போதும், ரொம்ப மண்டைய உடைக்காதீங்க. ஏறி கடல் பாக்கணும்னா மட்டும் ஒரு விஷயம்: ரன்வே சங்குமுகம் கடற்கரைக்கு ஒட்டினாப்ல தென்கிழக்கு வடமேற்கா கெடக்கு, வடக்கு பாத்து ஏறினா கடல் இடப்பக்கம், A சீட்டு. தெக்கு பாத்து ஏறினா அதே கடல் வலப்பக்கம் போயிரும், அது காத்து எந்தப் பக்கம்னு பாத்து அவங்க முடிவு பண்றது.

1-2-1 கெடச்சதோட வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சா தப்பு, அதுக்குள்ளயும் ரெண்டு சாதி உண்டு. ஒண்ணு ரிவர்ஸ் ஹெர்ரிங்போன், எல்லா ஓர சீட்டும் ஜன்னல பாத்து சாய்வா இருக்கும், ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் கிடையாது. கத்தார் ஏர்வேஸோட 787-8, கொழும்புல இருந்து போற ஸ்ரீலங்கன் A330-300 எல்லாம் இந்த மாதிரி. இதுல ஓர சீட்டு எது எடுத்தாலும் சேதம் இல்ல. ரெண்டாவது ஸ்டாகர்டு, இதுலதான் ஏமாறுவோம். ஒரு வரிசையில சீட்டு ஜன்னல ஒட்டி இருக்கும், பக்கத்து மேசை வழிப்பக்கம் வந்து ஒரு சின்ன மதில் மாதிரி நிக்கும். அடுத்த வரிசையில அப்படியே தலைகீழ், மேசை ஜன்னல் பக்கம், நீங்க வழிப்பக்கம், போறவன் வர்றவன் துணி உங்க தோள்ல உரசும். ரெண்டும் ஒரே விலை! சீட் மேப்புல ரெண்டும் ஒரே மாதிரி கட்டமாத்தான் தெரியும், எழுத்துலதான் சூட்சுமம். எமிரேட்ஸ் A380 மேல்தட்டுல A, K ஜன்னல ஒட்டினது, B, J வழிய ஒட்டினது. நடுவுல E, F ஒட்டி ஒட்டி, புருஷன் பொண்டாட்டிக்குள்ளது, தனியா போறவங்க தெரியாம அத எடுத்துட்டு முன்பின் தெரியாத ஆளு மூஞ்சிக்கு நேரா மூஞ்சி வச்சு படுக்க வேண்டாம். D, G-ன்னா நடுவுல மேசை இருக்கும், அது பரவாயில்ல. தடுப்பு பலகை இருக்கேன்னு சொல்வாங்க, ஏறும்போதும் எறங்கும்போதும் அத தாழ்த்தி வைக்கணும், கதவும் அப்ப தொறந்தே இருக்கணும்.

கம்பெனி காட்டுற மேப்ப மட்டும் நம்பாதீங்க, ஏரோலோபான்னு (AeroLOPA) ஒரு வெப்சைட் இருக்கு, அதுல ஜன்னல் எங்க, சீட்டு எந்த சாய்வு, எந்த வரிசைக்கு ஜன்னலே இல்லன்னு அளவு பிசகாம வரைஞ்சு வச்சிருக்கான். காசு குடுத்து விண்டோ எடுத்து உக்காந்தா முன்னால வெறும் செவுரு, அந்த கொடுமை உண்டு.

எங்க சித்திக்கு போன வருஷம் சீட்டு பாத்து குடுத்தப்பதான் எனக்கே ஒரு பாடம் கெடச்சுது. 63 வயசு, முட்டு வலி, மக லண்டன்ல நர்ஸ். மருமகன் கத்தார் ஏர்வேஸ்ல பிசினஸ் டிக்கெட் போட்டு குடுத்துட்டான், தோஹா மாறி தனியா போணும். நான் பெரிய ஆளு மாதிரி சீட் மேப்ப தொறந்து, தோஹாவுல இருந்து போறது க்யூசூட்டுன்னு தனி அறை மாதிரி சீட்டு உள்ள பிளேன், 1-2-1, கதவு உண்டு, A எடுத்தா ஜன்னல ஒட்டி ராணி மாதிரி போலாம்னு சொன்னேன். (கத்தார்ல எல்லா பிளேன்லயும் க்யூசூட் கெடையாது, 2017-ல வந்தது, அதையும் பாத்துதான் எடுக்கணும்.) அதுல ஜன்னல ஒட்டின A, K ரெண்டும் வாலு பக்கம் பாத்து இருக்கும், B, J மூக்கு பக்கம் பாத்து வழிய ஒட்டி இருக்கும்.

சித்தி கேட்டா, "பின்னால பாத்து போனா தல சுத்தாதா மக்ளே?"

"டிரெயின்ல எத்தன தடவை பின்னால பாத்து உக்காந்து போயிருக்க, சித்தி?"

"டிரெயின் தரையில இல்லியா போவுது."

சொல்றது நெயாயம்தான். மேல ஏறின பொறவு தெரியாது, ஏறும்போது பெல்ட்டு நெஞ்ச பிடிச்ச மாதிரி ஒரு தொங்கல் இருக்கும், சில பேருக்கு ஒத்துக்காது. பிறகு அவளே சொன்னா, ராத்திரி மூணு தடவை எழும்பணும், முட்டு மடங்காது, மதில் சுத்தி வர எல்லாம் வேண்டாம்னு. ஆக நான் வேண்டாம்னு தள்ளி வச்ச அந்த வழிப்பக்க J தான் அவளுக்கு நல்லது. டாய்லெட்டுக்கு ரொம்ப பக்கமும் வேண்டாம், நாலஞ்சு வரிசை தள்ளி போட்டேன். ஜன்னலோரம் நல்ல சீட்டுன்னு நான் நெனச்சது எனக்க வசதிக்கு.

எதுக்கு எவ்வளவு பக்கத்துல உக்காருறோம்ங்கிற இந்த தூரக் கணக்கு முக்கியம். முன் செவுத்து சீட்டு, பல்க்ஹெட்டுன்னு சொல்றது, ரெண்டு முகம் உள்ளது. சில பிளேன்ல கால் வைக்கிற குழி அங்க பெருசா இருக்கும், மத்த வரிசையில முன் சீட்டுக்காரன் மேசைக்கு அடியில ஒரு பொந்துக்குள்ள பாதத்த சொருகணும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் லாங் ஃப்ளைட் சீட்டுல சாய்வா படுத்து அந்த பொந்துல கால் வைக்கணும், ஆறடி ஆளுக்கு மொத வரிசை சொர்க்கம். ஆனா பச்சப்புள்ள தொட்டில் மாட்டுறதும் அந்த செவுத்துலதான், புள்ள அழுதா யாரையும் குத்தம் சொல்ல முடியாது. பைய காலடியில வைக்கவும் விட மாட்டாங்க, ஏறும்போ எல்லாம் மேல ஏத்தணும். மாத்திரை, சார்ஜர் எல்லாம் சின்ன கவர்ல தனியா எடுத்து வச்சுக்கோங்க.

பின் வரிசையில கேலி, அதாவது அவங்க அடுக்களை. பேருக்கு தகுந்த கேலிதான், ராத்திரி முழுக்க டிரேய இழுக்குற சத்தம், ஓவன் மணி, திரை விலகும்போதெல்லாம் வெளிச்சம் முகத்துல அடிக்கும். எமிரேட்ஸ் A380 மேல்தட்டு கடைசியில பார் இருக்கு, ரெண்டு கிளாஸ் உள்ள போன ஆளுங்க பேச்சு எப்படி இருக்கும்னு நம்ம ஊர்க்காரனுக்கு வெளக்கம் வேண்டாம், பின் வரிசைய விட்டுருங்க. பிசினஸ் கிளாஸ் ரெண்டு கேபினா பிரிஞ்சு இருந்தா சின்ன கேபின எடுங்க, ஆள் நடமாட்டம் கம்மி.

வெயில் கணக்கு பஸ்ல போட்டது இங்கயும் ஆகும். வளைகுடாவுல இருந்து ஐரோப்பா பக்கம் பகல்ல போனா சூரியன் பெரும்பாலும் தெக்க, அதாவது இடப்பக்கம். தூங்கணும்னா வலப்பக்கம் K. ராத்திரி ஃப்ளைட்டுக்கு எதுவும் ஒண்ணுதான்.

இனி காசு விஷயம். பிசினஸ்னா சீட்டு தேர்வு சும்மா கெடைக்கும்னு நெனைக்காதீங்க. கத்தார் 2020-ல லைட்டுன்னு ஒரு கொறஞ்ச கட்டணம் கொண்டு வந்துச்சு, அதுல முன்கூட்டி சீட்டு தேர்வும் லவுஞ்சும் சேக்கல. பிரிட்டிஷ் ஏர்வேஸ்ல பிசினஸுக்கும் சீட்டுக்கு தனி காசு உண்டு, செக்-இன் தொறந்தா சும்மா. அப்படி டிக்கெட்டுன்னா செக்-இன் எப்ப தொறக்கும்னு பாத்து, கெளம்புறதுக்கு 24 மணி நேரமோ 48 மணி நேரமோ முன்னால, அலாரம் வச்சு அந்த நிமிஷமே உள்ள போங்க. ஏஜென்ட்டுகிட்ட எடுத்தீங்கன்னா புக்கிங் நம்பர வாங்கி ஏர்லைன் சைட்ல நீங்களே போட்டு பாருங்க, "சீட்டு போட்டாச்சு சார்"னு சொன்ன வாய நம்பி நான் ஒரு தடவை ஏர்போர்ட்ல நின்னுருக்கேன்.

அப்புறம் தனியா போறவங்களுக்குன்னே ஒரு சோதனை வரும். ஏறி செருப்ப கழத்திட்டு இருக்கும்போ ஒருத்தர் வந்து, நாங்க குடும்பமா இருக்கோம், மாறி இருப்பீங்களான்னு கேப்பாரு. கேக்குறது தப்பில்ல. ஆனா அவரு குடுக்குற சீட்டு நம்பர கேட்டு, அது உங்க சீட்டு மாதிரியே ஓரத்து ஒத்த சீட்டுன்னா மட்டும் எழும்புங்க. இல்லன்னா "முட்டு வலிங்க, பாத்து எடுத்த சீட்டு"ன்னு சிரிச்சுட்டே சொல்லிருங்க. சித்திக்கு இத மூணு தடவை சொல்லிக் குடுத்தேன், ஏன்னா அவ பஸ்ல எவன் கேட்டாலும் எழும்பி குடுக்குற ஆளு. பொம்பளைங்க தனியா போறப்ப பக்கத்து ஆளு ஒரு மாதிரின்னு தோணினா கூச்சப்படாம மெல்ல எழும்பி போயி க்ரூகிட்ட சொல்லுங்க, காலி சீட்டு இருந்தா மாத்தி தருவாங்க.

சீட்டு எடுத்த பொறவும் வாரத்துக்கு ஒரு தடவை புக்கிங்க தொறந்து பாருங்க. பிளேன மாத்துவானுங்க, மாத்தினா J இருந்த எடத்துல வேற என்னமோ வந்து நிக்கும், மெயில் வரும்னு சொல்ல முடியாது. சித்திக்கும் நேரம் மாறிச்சு, சீட்ட மாத்தி போட்டுட்டான், கெளம்புறதுக்கு நாலு நாள் முன்னாலதான் கண்ணுல பட்டுச்சு. ஃபோன்ல அரை மணி நேரம் பாட்டு கேட்டு திரும்ப J வாங்கினோம்.

கெளம்பின அன்னைக்கு ஏர்போர்ட்டுக்கு போற வழியில களியக்காவிளை தாண்டும்போதே சித்தி கார்ல தூங்கிட்டா. மறுநாள் சாயங்காலம் லண்டன்ல இருந்து கூப்பிட்டா, சீட்டு எப்படி இருந்துன்னு கேட்டேன். "சீட்டு நல்லாத்தான் இருந்து மக்ளே, அந்த கதவுதான், ராத்திரி பூரா மூடத் தெரியாம தொறந்தே கெடந்து."